மேல்வரிசையில் நாலு கம்பி

பல்லுக்காரம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் வாங்கவேண்டும் என்ற ஆசையும் இருந்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் போதும் என்று காலத்தை ஓட்டியவள். அப்படிப்பட்டவள் வீட்டு வாசலுக்கு, அவளைவிட ஆறு வயது மூத்த ஒரு கார் எப்படி வந்து சேர்ந்தது என்று யாராவது கேட்டால், அவளுடைய நாத்தனார் பெருமூச்சு விட்டு, "அண்ணிக்குக் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது, அதான்" என்பாள். அது பொய்யில்லை.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் பல் டாக்டரின் கிளினிக். முன்னறையில் டாக்டர், சாய்கிற நாற்காலி, மீன்தொட்டி, பழைய வாரப் பத்திரிகைகள். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கேதான் பல்லுக்காரம்மா இருபத்தெட்டு வருஷமாகப் பல்செட் செய்துகொண்டிருந்தாள். டாக்டர் ஆளின் வாயில் அச்சு எடுப்பார். அதில் ஓர் எண்ணை ஒட்டிக் கதவிடுக்கு வழியாக உள்ளே நீட்டுவார். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, மெருகேற்றி அதே இடுக்கு வழியாகத் திருப்பிக் கொடுப்பாள். ஆள் யார், ஆணா பெண்ணா, அந்தப் பல்லை வைத்துக்கொண்டு என்ன தின்றார், யாரைத் திட்டினார், ஒன்றும் தெரியாது. எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவள், அவர்களில் ஒருவர் சிரித்தும் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலில் ஒரு கோணல் இருக்கிறது. தையல்காரர் நன்றாகத் தைத்தால் எங்கே தைத்தது என்று நாலு பேர் விசாரிப்பார்கள். பல்செட் நன்றாக அமைந்துவிட்டால் அது பல்செட் என்பதே யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம். ஆகவே பல்லுக்காரம்மா எவ்வளவு கெட்டிக்காரியோ அவ்வளவுக்கு அவளைப் பற்றி யாரும் பேசவில்லை.

"ஒரே ஒரு தடவை, நான் செஞ்சதப் பார்த்து, இது யார் செஞ்சதுன்னு யாராவது கேக்கணுங்க. அது போதும் எனக்கு" என்று ஒருநாள் கணவரிடம் மனம்விட்டுச் சொன்னாள். கணவருக்கு போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்தே தலை நரைத்தவர்.

"என்கிட்ட மட்டும் யாராவது கேக்கறாங்களா? நான் ஏன் இப்படி இருக்கேன்னுதான் கேக்கறாங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை.

கிளினிக்குக்குப் பக்கத்துச் சந்தில் அந்தக் கார் பதினோரு வருஷமாக நின்றது. உருண்டைக் கண், குண்டு முதுகு, வெளிறிய பச்சை நிறம். டயர்கள் தரையோடு தரையாக அமுங்கியிருந்தன. பல்லுக்காரம்மா சாப்பாட்டு நேரத்தில் காற்று வாங்கச் சந்துப் படியில் வந்து உட்காருவாள். கார் நேர் எதிரே. முகப்பில் இரண்டு வரிசையாகக் கம்பிகள், மேல் பதினாறு, கீழ் பதினாறு. மேல்வரிசையில், சரியாக நடுவில், நாலு கம்பி இல்லை.

வேறு யாராக இருந்தாலும் ஒரு துருப்பிடித்த கார் என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் எதிரே முன்பல் போன ஒரு வாய். பதினோரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள், ஒருநாள் மத்தியானம் பொறுக்கமுடியாமல், ரோஜா நிற அச்சுமாவைக் குழைத்துக்கொண்டு கீழே இறங்கிவந்து காரின் வாயில் அப்பிவிட்டாள்.

அச்சு இறுக மூன்று நிமிஷம் ஆகும். அதுவரை தாடையை அசைக்கவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவிடுக்கு வழியாக டாக்டர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கதோஷம், கார் தாடையை எங்கே அசைக்கப் போகிறது? ஆனாலும் இரண்டு கையாலும் காரின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "வாயாலே மூச்சு விடாதீங்க, மூக்காலே விடுங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துக் காரின் சொந்தக்காரரான வயதான வக்கீல் சந்துக்குள் வந்தார்.

"ஏம்மா, என்ன பண்ற என் கார?"

"அச்சு எடுக்கறேன் சார். நாலு பல்லு இல்ல."

வக்கீல் அவளையும் பார்த்தார், காரையும் பார்த்தார். நாற்பது வருஷம் கோர்ட்டில் விதவிதமான பதில்களைக் கேட்டவர். இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. அடுத்த வாரம் ஆவணங்களைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, "பல்லுக்குப் பொறுப்பு எடுத்துக்கிட்டவ, மத்ததுக்கும் எடுத்துக்கோ. எனக்குச் சந்து காலியானா சரி" என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அச்சு ரொம்ப நன்றாக வந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்கள்.

அந்த நாலு கம்பியைச் செய்ய அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. பல்செட்டுக்கு உள்ளே வைக்கிற உலோகச் சட்டத்தை வார்க்கிற அதே உலையில், ஒவ்வொரு கம்பியையும் மூன்று துண்டாக வார்த்து ஒட்டினாள். முதலில் பளபளவென்று வந்தது. பக்கத்துக் கம்பிகள் ஐம்பது வருஷ வெயில் தின்றவை. அறுபது வயதுக்காரர் வாயில் பால்வெள்ளைப் பல்லை வைத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? மருந்து தடவி மங்கவைத்து, புள்ளி புள்ளியாகத் துருச் சுவடு வைத்து, ஒன்றில் மட்டும் சின்ன நெளிவு வைத்துப் பதித்தாள். மறுநாள் அவளாலேயே எது புதிது என்று எண்ணாமல் சொல்ல முடியவில்லை. சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதாள். பிறகுதான் உறைத்தது. இதையும் யாரும் கேட்கப்போவதில்லை.

பல் முடிந்தது. உடம்பு பாக்கி. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மூன்று பேர் என்றால் அவள், ஸ்டூடியோக்காரர், அவருடைய தங்கை. தங்கை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். அரசாங்க விதிகளை அடித்து அடித்து அவையெல்லாம் மனப்பாடம். சாப்பிடும்போது உப்புக் குறைந்தால்கூட எந்தப் பிரிவின் கீழ் குறைந்தது என்று சொல்லுகிற ரகம்.

சாப்பாட்டு மேஜையில் தினமும் நாத்தனார் காரின் பழுதுபார்ப்புப் புத்தகத்தை உரக்கப் படிப்பாள். மற்ற இரண்டு பேரும் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்ததைச் செய்து பார்ப்பார்கள். தகரத்து ஓட்டைகளைப் பல்லுக்காரம்மா முதலில் மெழுகு வைத்து அடைத்தாள், வெயில் வந்தது. பிறகு பிளாஸ்டர் வைத்து அடைத்தாள், மழை வந்தது. கதவு கன்னம் வீங்கிய மாதிரி உப்பிக்கொண்டது. துருப்பிடித்த சாமான்களைப் பல்செட் கழுவுகிற மாத்திரையில் ஊறவைத்தாள், அது மட்டும் ஆச்சரியமாக வேலை செய்தது. கார்புரேட்டரின் துளைகளைப் பல் குடைகிற ஊசியால் அவள் சுத்தம் செய்ததைப் பார்த்து, இரண்டு தெரு தள்ளியிருந்த லாரி மெக்கானிக், "அக்கா, நீங்க எங்கிட்ட வேலைக்கு வந்துடுங்க" என்றான். கியர் தண்டின் குமிழ் காணாமல் போயிருந்தது. கையில் இருந்தது ஈறு நிற அக்ரிலிக்தான். ஆகவே அந்தக் காரின் கியர்க்குமிழ் இன்றுவரை ஆரோக்கியமான ஈறு நிறத்தில் இருக்கிறது.

கழற்றிய சாமான்கள் வீட்டுக்குள் குடியேறின. பின்சீட் கூடத்தில் சோபாவாயிற்று. விருந்தாளிகள் அதில் உட்கார்ந்ததும் தன்னை அறியாமல் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி தேடினார்கள். கியர்பெட்டி நாத்தனாரின் கட்டிலுக்கு அடியில். முதலில் முகம் சுளித்தவள், நாளடைவில் அதன்மேல் டம்ளர் வைக்கப் பழகி, பெட்டியை எடுக்க வந்தபோது ஒரு வாரம் தவணை கேட்டாள்.

இங்கேதான் ஒரு வினை முளைத்தது. எதையும் கழற்றுவதற்கு முன்னால் படம் எடுத்துச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது ஸ்டூடியோக்காரரின் யோசனை. நல்ல யோசனை. காருக்குப் பின்னால் ஸ்டூடியோவின் நீலத்துணியைத் தொங்கவிட்டு, முகத்தில் மினுமினுப்பு தெரியாமல் பவுடர் போட்டு, இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று பக்கக் கண்ணாடிகளை விரித்துவைத்து எடுத்தார். நாலு பிரதி. பிறகு ஆளுக்குப் பாதியாகச் சாமான்களுக்கு இடது, வலது என்று சீட்டு எழுதினார்கள்.

பல் தொழிலில் இடது என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் இடது. அதில் குழப்பினால் ஒருவருடைய நல்ல பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே பல்லுக்காரம்மாவுக்குக் காரின் இடது என்பது காரின் இடதுதான். ஸ்டூடியோக்காரருக்கோ இடது என்பது படத்தின் இடது. காரின் எதிரே நின்று பார்த்தால் அது காரின் வலது. காருக்குப் பின்னால் நின்று எடுத்த படத்தில் காரின் இடது. அவர் எந்தப் பக்கம் நின்று எந்தச் சீட்டை எழுதினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. முப்பது வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய இரண்டு பேர், ஒருவருடைய இடது இன்னொருவருடைய இடது இல்லை என்று அதுவரை கண்டுபிடிக்கவேயில்லை.

இரண்டாவது வருஷம் வாகன ஆய்வு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாத்தனார் அதைப் பிரித்துப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதிவு காலாவதியான பழைய வண்டிகள் எல்லாம் மூன்று மாதத்துக்குள் சொந்த விசையில் ஆய்வுக்கு வர வேண்டும். பழமை வாகனம் என்று சான்று பெற்றால் பிழைக்கும். பெறாவிட்டால் நசுக்கும் இடத்துக்குப் போய்ச் சதுரமாகும்.

"சதுரமான்னா?" என்றாள் பல்லுக்காரம்மா.

"பெட்டி மாதிரி அமுக்கிடுவாங்க அண்ணி. பல்லும் சேர்ந்துதான்."

அன்றிலிருந்து அவள் தூக்கம் போயிற்று. மூன்று மாதத்தில் ஓட்டுநர் பயிற்சிக்குப் போய், மூன்றாவது முயற்சியில் உரிமம் வாங்கினாள். ரிவர்ஸ் மட்டும் கடைசிவரை அவளுக்குக் கைவரவில்லை. "முன்னாடி போறதுக்குத்தானே கார்? நீங்க பின்னாடி போற மாதிரி இடத்துக்கே போகாதீங்கம்மா" என்று பயிற்சியாளர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்கு, எஞ்சின் உயிர்பெற்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. கார் தெருவைப் பார்த்து நின்றது. பல்லுக்காரம்மா ஏறி உட்கார்ந்து, ஈறு நிறக் குமிழைப் பிடித்து முதல் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, கம்பீரமாகப் பின்னால் போய், நாத்தனாரின் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, இரண்டு பூந்தொட்டிகளை நொறுக்கிச் சுவரில் சாய்ந்தது.

"முதல் கியரப் போடும்மா!" என்று கத்தினார் ஸ்டூடியோக்காரர்.

"முதல் கியர்தாங்க போட்டிருக்கேன்!"

ரிவர்ஸ் போட்டாள். கார் முனகிக்கொண்டே நத்தை மாதிரி முன்னால் வந்தது. தலையில் நாத்தனாரின் புடவை.

லாரி மெக்கானிக் வந்து கீழே படுத்துப் பார்த்தான்.  பிறகு தோள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறான்.

"அக்கா, பின்சக்கர அச்சுக்குள்ள இருக்கற பெரிய பல்சக்கரத்த இடது வலது மாத்தி வச்சுட்டீங்க. அதனால எல்லாம் தலைகீழாச் சுத்துது. இப்ப இந்த வண்டிக்குப் பின்னாடி போக மூணு கியரு, முன்னாடி போக ஒண்ணே ஒண்ணு."

"மாத்தி வச்சிடேன்ப்பா!"

"எல்லாத்தையும் இறக்கணும். ஒரு வாரம் ஆகும்."

பல்லுக்காரம்மா கணவரைப் பார்த்தாள். கணவர் சுவரைப் பார்த்தார். அந்தச் சீட்டு யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று வீட்டில் பெரிய ரகளையாகியிருக்கும். உள்ளே போய்க் கூடத்தில், சோபா போய்விட்டபடியால் தரையில், கால்நீட்டி உட்கார்ந்து, "என் நாலு கம்பி" என்று மட்டும் சொன்னாள்.

"போலாம் அண்ணி" என்றாள் நாத்தனார். "முன்னும் பின்னும் சொந்த விசையில் செல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி. நானே அடிச்சது. எத்தன கியர்னு அதுல இல்ல. ஆனா ஒண்ணு. முகப்பு பூரா அசலா இருக்கணும். மாத்துப் பாகம் இருந்தா தள்ளுபடி. செஞ்சவங்க பேரையும் தொழிலையும் குறிச்சு ஏத்துக்கலாம்னு ஓர் உட்பிரிவு இருக்கு. அதுக்கு ஆய்வாளர் மனசு வைக்கணும். எந்த ஆய்வாளர் வச்சிருக்காரு? அதனால அந்த நாலு கம்பியப் பத்தி நீங்க வாயே திறக்கக்கூடாது."

"நான் என்னிக்குத் திறந்தேன்?" என்றாள் பல்லுக்காரம்மா.

ஆய்வு அலுவலகம் நாலு கிலோமீட்டர் தூரம். ரிவர்ஸ் கியரில், முன்னால், முனகலோடு போனார்கள். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பியும் போய்ச்சேர பத்தரை. வழியில் தண்ணீர் மூன்று தடவை கொதித்தது. நடந்து போகிற ஒருவர் பாதி தூரம் கூடவே வந்து, அலுத்துப்போய், முந்திக்கொண்டு போய்விட்டார்.

ஆய்வாளர் அறுபதை நெருங்கியவர், கஞ்சி போட்ட சட்டை, அதைவிட விறைப்பான முகம். மைதானத்தில் வெள்ளைக் கோட்டால் வட்டம் போட்டிருந்தது. அவர் பல்லுக்காரம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல ரிவர்ஸ் பாத்துடுவோம். போடுங்க."

அவள் முதல் கியரைப் போட்டாள். கார் பின்னால் போனது.

"ம். இப்ப முன்னாடி."

அவள் ரிவர்ஸைப் போட்டாள். கார் முனகிக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. ஆய்வாளர் குறித்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம்.

"அடுத்த கியர் மாத்துங்க. வேகம் பாக்கணும்."

பல்லுக்காரம்மா கண்ணை மூடித் திறந்தாள். அடுத்த கியர் என்றால் எதிர்த்திசைதான். நின்றாள், முதல் போட்டாள், இரண்டு போட்டாள், மூன்று போட்டாள். கார் வாழ்நாளில் அதுவரை கண்டிராத வேகத்தில் வட்டக் கோட்டைச் சுற்றிப் பின்பக்கமாகவே பறந்தது. பயிற்சியாளர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். உயிர்பயத்தில் ரிவர்ஸ் கைவந்துவிட்டது. ஓரத்தில் நின்ற ஸ்டூடியோக்காரரும் நாத்தனாரும் கார் தங்களை விட்டு விலகிப்போவதா, வருவதா என்று தெரியாமல் தலையைத் திருப்பிக்கொண்டேயிருந்தார்கள்.

"நிறுத்துங்கம்மா! என்னம்மா இது! சுத்தச் சொன்னா சூறாவளியாட்டம் சுத்தறீங்க!"

அவர் வாயைத் திறந்து கத்தியபோதுதான் அவள் பார்த்தாள். மேல்வரிசை, அவருடைய இடப்பக்கம், இரண்டாவது பல், அரை நூல் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.

அறுநூற்றுப் பதினேழு.

எட்டு வருஷத்துக்கு முந்தைய அச்சு. அந்த ஆளின் பழைய படம் ஒன்றை, கண்ணை மறைத்துக் காகிதம் ஒட்டி, டாக்டர் உள்ளே அனுப்பியிருந்தார். இயற்கையான பல்லில் அந்தத் திருப்பம் இருந்தது. எல்லாவற்றையும் நேராக வைத்துவிடலாம் என்றார் டாக்டர். அவள் ஒற்றைக்காலில் நின்று, அரை நூல் திருப்பி வைத்தாள். அந்த மனிதர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், வேறு யாரையோ ஏன் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்.

இப்போது அந்தப் பல் அவளைத் திட்டிக்கொண்டிருந்தது. "சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா! சாலைல மத்தவங்க போக வேண்டாமா!" என்று ஆய்வாளர் பொரிந்தார். ச என்ற எழுத்து விசில் அடிக்காமல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டத் திட்ட அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்றிருந்தது.

நாத்தனார் ஓடிவந்து விதியைச் சொன்னாள். பிரிவு எண், பக்க எண், எழுத்துப்பிழை இருந்த இடம் உட்பட. முன்னும் பின்னும், சொந்த விசையில். ஆய்வாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார், மூக்கைச் சொறிந்தார், வேறு வழியில்லாமல் சரி போட்டார். பிறகு இறங்கி முகப்புக்கு வந்து குனிந்தார். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். மேல் பதினாறு, கீழ் பதினாறு.

"பிரமாதம்" என்றார். முதல்தடவையாகக் குரல் இளகியது. "இந்தக் காலத்து வண்டில ஒரு கம்பிகூட மாறாம இருக்கறது குதிரைக்கொம்பு." அட்டையில் எழுதினார்: முகப்பு, அசல்.

வேலை முடிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாத்தனார் கண்ணாலேயே கெஞ்சினாள். அடுத்த கையெழுத்துக்காக ஆய்வாளர் பேனாவை உதறினார்.

"நாலு கம்பி நான் செஞ்சது சார்" என்றாள் பல்லுக்காரம்மா.

ஸ்டூடியோக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்னது?"

"மேல்வரிசையில நாலு. வண்டி வரும்போது இல்ல. நான் செஞ்சு வச்சேன்."

ஆய்வாளர் மறுபடி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். தட்டிச் சத்தம் கேட்டார். ஐந்து நிமிஷம் கழித்து நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"விளையாடறீங்களா? இத நான் அசல் இல்லன்னு எழுதினா வண்டி நேரா நசுக்கப் போகும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா சொல்றீங்க? யாரு கேட்டா உங்கள?"

"யாரும் கேக்கல சார். இருபத்தெட்டு வருஷமா யாரும் கேக்கல" என்றாள். ஒரு பழைய காரின் முகத்துக்கு முன்னால், பட்டப்பகலில், இவ்வளவு பேர் பார்க்க அழுவோம் என்று அவள் நினைத்ததில்லை. அழுதாள்.

ஆய்வாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விதிகளில் இதற்கு இடமில்லை. நாத்தனார் மெதுவாக, "உட்பிரிவு ஒண்ணு இருக்கு சார். செஞ்சவங்க பேரும் தொழிலும்" என்றாள்.

அவர் கம்பிகளை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு 'அசல்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"இது யார் செஞ்சதுன்னு எழுதணும். உங்க பேரச் சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னாள். முழுப் பெயரையும், முதலெழுத்தோடு, அழுத்தி எழுதினார்.

"தொழில்?"

"பல்செட் செய்றேன் சார்."

பேனா நின்றது. "எங்க?"

"மருந்துக்கடைக்கு மேல, மாடில. பின்னாடி ரூம்ல."

ஆய்வாளரின் வாய் மெல்ல மூடிக்கொண்டது. கை தானாக மேலுதட்டுக்குப் போய், பாதியில் நின்று, மீசையைத் தடவுகிற பாவனையில் இறங்கியது. அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இந்தப் பதினாறுல... அந்த நாலு எதெதுன்னு யாராச்சும் கேட்டா சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன் சார். எங்க தொழில்ல அதச் சொல்றதில்ல."

அவர் தலையசைத்தார். படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். நீட்டும்போது சிரித்தார். முழுச் சிரிப்பு. மேல்வரிசை பூராவும் வெளியே வந்தது. ஸ்டூடியோக்காரர் பழக்கதோஷத்தில், "அப்படியே இருங்க சார், கண்ண மூடாதீங்க" என்று படம் எடுத்துவிட்டார். அதில் ஆய்வாளரும் காரும் பக்கத்தில் பக்கத்தில் சிரிக்கிறார்கள். அது இப்போது ஜன்னல் இல்லாத அந்தப் பின்னறையில், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டியிருக்கிறது.

திரும்பிப்போக வேண்டும். முன்பக்கமாக ஊர்ந்தால் எஞ்சின் தாங்காது என்று தெரிந்துவிட்டது. பின்பக்கமாகப் போவதென்று பல்லுக்காரம்மா முடிவு செய்தாள். அவள் கண்ணாடியைப் பார்த்து ஓட்ட, கணவர் பின்சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்து வழி சொல்வதாக ஏற்பாடு.

"இடது பக்கம் ஒடி!" என்றார் முதல் திருப்பத்தில்.

"உங்க இடதா, என் இடதா?"

"காரோட இடது!"

"கார் எந்தப் பக்கம் பாக்குது?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள் நாத்தனார். "அண்ணா, ஸ்கூல் பக்கம், தபாலாபீஸ் பக்கம்னு சொல்லு. அண்ணி, நீங்க அதக் கேட்டு ஓட்டுங்க."

அப்படியே செய்தார்கள். முப்பது வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் வழியில் சண்டை போடாமல் வீடு வந்துசேர்ந்தது அன்றுதான்.

கார் பின்பக்கமாகப் போனதால் அதன் முகம் கடைத்தெருவைப் பார்த்தபடியே வந்தது. பின்னால் வந்த பஸ்காரர், ஸ்கூட்டர்காரர், சைக்கிள்காரர் எல்லோரும் நாலு கிலோமீட்டர் தூரமும் வேறு எதையும் பார்க்க வழியில்லாமல் அந்த முகப்பையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.